வடக்கும் தெற்குமாக நிற்கும் இலை

ஆர்விட்டுக்குத் தெரிந்த செடிகள் நான்கு வகை. மக்காச்சோளம், சோயா, மாட்டுத் தீவனம், களை. முதல் மூன்றில் சேராதது எதுவானாலும் நான்காவதில் சேரும். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், வடக்கு மூலையில் பால்மாடு வைத்துப் பிழைக்கிறவனுக்கு இந்த அறிவு தாராளமாகப் போதும். எழுபது வயதை நெருங்கும் வரை ஆர்விட்டுக்கும் போதுமானதாகத்தான் இருந்தது. அந்த ஜூலையில்தான் போதவில்லை.

அவன் மனைவி லவோன் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டாக்டர்கள் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் திரும்பத் தைத்துவிட்டார்கள். இனி எங்களால் ஆவதற்கு ஒன்றுமில்லை, உடம்பு கொஞ்சம் தேறியதும் வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றார்கள். பனி விழும் வரை இருப்பாள் என்றார் ஒருவர். கிறிஸ்துமஸைப் பார்த்துவிடலாம் என்றார் இன்னொருவர். ஆர்விட் இரண்டு பேருக்கும் தலையாட்டினான். வண்டியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் இந்த இருவரில் யார் பெரிய டாக்டர் என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்று நெற்றியில் அடித்துக்கொண்டான். திரும்பிப் போய்க் கேட்கவும் நேரமில்லை. கறக்கிற மாட்டுக்கு ஆபரேஷன் என்றால் என்ன தெரியும்? நேரத்துக்கு ஆள் வராவிட்டால் கத்தும்.

லவோனுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அது ஒரு பூவைப் பார்ப்பது.

எந்திரக் கொட்டகைக்குப் பின்னால், ஓடைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில், முக்கோணமாக ஒரு துண்டு நிலம் கிடந்தது. அதில் கலப்பை பட்டதே இல்லை. அந்தப் பக்கம் முழுவதும் ஒரு காலத்தில் ஆள் உயரப் புல்லும் பூவுமாகத்தான் இருந்தது. உழுது உழுது எல்லாவற்றையும் சோளமாக்கி முடித்தபின் மிச்சமிருந்தது இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில துண்டுகள்தான். கல்யாணமாகி வந்த வருஷமே லவோன் சொல்லிவிட்டாள், இதில் கை வைத்தால் நான் என் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று. எதற்கு இந்தப் பிடிவாதம் என்று ஆர்விட்டுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எப்படியும் அந்த மூலையில் டிராக்டர் திரும்பாது என்பதால் விட்டுவிட்டான்.

அந்த நிலத்தில்தான் லவோன் திசைச்செடி என்ற ஒன்றின் விதையைப் போட்டாள். ரயில் பாதை ஓரத்தில் கடைசியாக நின்ற ஒரு செடியிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்த விதை அது. சூரியகாந்திக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆனால் இலைகள் மட்டும் வேறு ரகம். வெயில் ஏறுகிற நேரத்தில் முகத்தைக் காட்டாமல், விளிம்பைக் காட்டிக்கொண்டு, வடக்கும் தெற்குமாக நிற்கும். அது மகா அழுத்தக்காரச் செடி. பல வருஷங்களுக்கு நாலைந்து இலைக்கு மேல் வெளியே காட்டாது. அதன் வேலையெல்லாம் மண்ணுக்குக் கீழே, வேரை இறக்குவதில். வேர் போதும் என்று அதற்குத் தோன்றினால்தான் தண்டு, பிறகுதான் பூ. லவோன் ஒன்பது கோடை காத்திருந்தாள். இந்த ஜூனில் முதல் தடவையாகத் தண்டு கிளம்பியது. அடுக்களை ஜன்னலிலிருந்து கொட்டகைக்கு அப்பால் விரலை நீட்டி, “அதோ பாரு ஆர்விட், வந்துருச்சு” என்றாள். ஆர்விட் ரேடியோவில் மழை நிலவரம் கேட்டுக்கொண்டே “ம்” என்றான். தலையைத் திருப்பவில்லை.

பிறகு வந்த அத்தனை பாடும் அந்த “ம்”மினால்தான்.

வெள்ளிக்கிழமை மாலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. லவோனின் குரல் மருந்தில் ஊறி மெதுவாக வந்தது.

“வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புறாங்களாம். பூத்துருச்சா?”

“இன்னும் இல்ல” என்றான் ஆர்விட். எது பூக்கவில்லை என்று அவனுக்கே தெரியாது.

“மொட்டு எப்படி இருக்கு?”

“மொட்டு... மொட்டு மாதிரிதான் இருக்கு.”

“நான் வர்றதுக்குள்ள பூத்து உதிர்ந்துடக் கூடாது, ஆர்விட். அதை மட்டும் பாத்துக்க. மாடு கீடு மேஞ்சுடப் போகுது. நான் காட்டினேனே, அதுதான்.”

எந்தச் செடி என்று அப்போதே கேட்டிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஆனால் கேட்டால், காட்டும்போது பார்க்கவில்லை என்று தெரிந்துபோகும். சாகக் கிடக்கிற பெண்டாட்டியிடம் அதை எப்படிச் சொல்வது? அதனால் ஆர்விட் பெரிய சாமர்த்தியமாக ஒரு கேள்வி கேட்டான்.

“அது சரி, இலை எப்படி இருக்கணும்? ஆரோக்கியமா இருக்கான்னு பாக்கத்தான் கேக்குறேன்.”

“கை குலுக்க நீட்டுவோமே, அந்த மாதிரி செங்குத்தா, வடக்கும் தெற்குமா நிக்கணும். நின்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்” என்றாள் லவோன். அதற்குள் நர்ஸ் வந்துவிட, போனை வைத்துவிட்டாள்.

ஆர்விட் கறவையை முடித்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனான். போனவனைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஆகிவிட்டது. ஊதாவாக நீட்டிக்கொண்டு சில, மஞ்சளாகத் தலை தொங்கிக்கொண்டு சில, நெஞ்சுயரப் புல், அதற்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு என்னென்னவோ. எல்லாமே களை மாதிரித்தான் அவனுக்குத் தெரிந்தது. இத்தனையில் ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? புல்லுக்குள் புகுந்து புகுந்து தேடினான். மண்டை காய்ந்தது. கடைசியில் வெளியே வந்து கொட்டகைச் சுவரோரமாகத் திரும்பும்போதுதான் அதைப் பார்த்தான். இடுப்புக்கு மேல் உயரம். மெல்லிய தண்டு, நுனியில் பொடி மொட்டுகள். இலைகள் அத்தனையும் செங்குத்தாக, விளிம்பைக் காட்டிக்கொண்டு!

அந்த ஊரில் சாலைகள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி வடக்கு தெற்காக, கிழக்கு மேற்காகத்தான் ஓடும். ஆர்விட் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இலையின் விளிம்பையும் வீட்டு முன்னால் வடக்கு தெற்காகப் போகும் சரளைச் சாலையையும் சேர்த்துப் பார்த்தான். இரண்டும் அச்சாகப் பொருந்தின.

“அப்பாடா!” என்று வாய்விட்டே சொன்னான். லவோனின் தோட்டத்திலிருந்து தக்காளிக்கு வைக்கும் கம்பிக் கூண்டு ஒன்றைக் கொண்டுவந்து செடிக்கு மேல் கவிழ்த்தான். சிவப்புச் சணல் கயிற்றைச் சுற்றிக் கட்டினான். அன்றைக்குத்தான் பல வாரங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினான், பாவி மனுஷன்.

மறுநாள் சனிக்கிழமை. கறவை முடிந்து வெளியே வந்தால் வாசலில் ட்ரக்குகள் நிற்கின்றன. பக்கத்துப் பண்ணை வெர்லின் புல் வெட்டும் எந்திரத்தை டிராக்டரில் பூட்டிக்கொண்டு வந்திருந்தான். அவன் மனைவி ஆர்டிஸ் மூடிய தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் சர்ச் ஆட்கள் நாலைந்து பேர் அரிவாளும் புல்வாரியுமாக நின்றார்கள்.

ஒரு வீட்டில் யாராவது படுத்துவிட்டால் அங்கே யாரும் கூப்பிடக் காத்திருப்பதில்லை. எந்திரத்தோடு வந்து நிற்பார்கள். வெர்லின் இடுப்பை உடைத்துக்கொண்ட வருஷம் அவன் சோளம் முழுவதையும் ஆர்விட்தான் முன்னால் நின்று அறுத்துக் கொடுத்தான். வேண்டாம் என்று சொல்ல வெர்லினுக்கு அப்போது வாய் வரவில்லை. இப்போது ஆர்விட்டின் முறை. ஆனால் அவன் தீவனப்புல்லைப் போன வாரமே வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். சோளம் வளர்ந்துவிட்டது, அதில் செய்ய ஒன்றுமில்லை. நல்ல மனசு, சும்மா இருக்க முடியாத கை, செய்ய வேலை இல்லை. இதைவிட ஆபத்து உலகத்தில் உண்டா?

“டேய் ஆர்விட், நீ போய் காபியக் குடி” என்றான் வெர்லின். “கொட்டகைக்குப் பின்னாடி அந்தக் காட்டை இன்னைக்கு முடிச்சுடறோம்.”

“அதையா?” என்றான் ஆர்விட்.

“பின்ன? பாவம்டா லவோன். வருஷா வருஷம் பனி விட்டதும் அதுக்கு நெருப்பு வெச்சுப் பாக்குறா. போக மாட்டேங்குது. வெக்க வெக்க இன்னும் செழிப்பாத்தான் வருது. ஒத்தப் பொம்பள எவ்வளவுதான் போராடுவா?”

ஆர்விட்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நெருப்பு வைப்பாள், உண்மைதான். வாளித் தண்ணீரோடு பக்கத்தில் நின்றவனே அவன்தான். ஆனால் எதற்கு வைக்கிறாள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஆசையாக வளர்க்கிறவள் எதற்கு எரிக்கிறாள்? ஒருவேளை வெர்லின் சொல்வதுதான் சரியோ? அவளுக்கும் இது பிடிக்காமல் போய்விட்டதோ?

“இல்ல, அவளுக்கு அது வந்து... ஒரு மாதிரி...” என்று மென்று விழுங்கினான்.

“தெரியும், தெரியும். நன்றியெல்லாம் ஒண்ணும் வேண்டாம்” என்று ஆர்டிஸ் அவன் தோளைத் தட்டினாள். “வீட்டுக்கு வர்றவ கண்ணுல முதல்ல அந்தப் பொதரா படணும்? சுத்தமா இருந்தா மனசுக்கு ஆறுதலா இருக்கும்ல? பன்னித்தொடை சாண்ட்விச் இருக்கு, எடுத்துக்க. உருளைக்கிழங்கு சாலட்டும் இருக்கு.”

இதற்கு மேல் ஒருவன் என்ன சொல்வான்? வேண்டாம் என்றால் முகத்தில் அடித்த மாதிரி. சரி என்றால் லவோன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. அவள் கேட்டது ஒரே ஒரு செடியைத்தானே? அதுதான் பத்திரமாகக் கூண்டுக்குள் இருக்கிறதே!

“ஒண்ணே ஒண்ணு” என்றான். “அந்தக் கம்பிக் கூண்டுக்குள்ள இருக்கறத மட்டும் தொடாத.”

வெர்லின் போய்க் கூண்டைப் பார்த்தான். குனிந்து உள்ளே பார்த்தான். நிமிர்ந்து ஆர்விட்டைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டான்.

“ஓ” என்றான். “இது... வித்தியாசமாத்தான் இருக்கு.”

ஆர்டிஸும் வந்து பார்த்தாள். “ஆமா, வித்தியாசமா இருக்கு” என்றாள்.

அந்த ஊர்க்காரன் ஒன்றை வித்தியாசம் என்று சொன்னால், உனக்குப் புத்தி கெட்டுவிட்டது, ஆனால் அதைச் சொல்ல எனக்கு மனசில்லை என்று அர்த்தம். ஆர்விட்டும் அந்த ஊர்க்காரன்தான். அவனுக்கு அது தெரியாதா? ஆனால் அன்றைக்கு அவன் காதில் எதுவும் ஏறவில்லை.

எந்திரம் உறுமிக்கொண்டு இறங்கியது. ஊதாவும் மஞ்சளும் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. ஆர்விட் ஓரத்தில் காபியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பாதி நிலம் முடிந்தபோது வெர்லின் டிராக்டரை நிறுத்தினான். எதிரில் ஒரு செடி, அவன் இருக்கைக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நின்றது. தண்டு முழுக்கச் சுணை. மேலே குண்டு குண்டாக மொட்டுகள். அடி இலையெல்லாம் புல்லுக்குள் மறைந்து கிடந்தது.

“இது என்ன?” என்று எந்திரச் சத்தத்துக்கு மேல் கத்தினான். “சூரியகாந்தியா? வெக்கணுமா, வேண்டாமா?”

எல்லோரும் ஆர்விட்டைப் பார்த்தார்கள். ஆர்விட் பேந்தப் பேந்த விழித்தான். லவோன் சூரியகாந்தி போட்டதாக நினைவில்லை. பறவை போட்ட விதையாக இருக்கும். கேட்டது ஒரு சலுகை, அதுவே அதிகம், இன்னொன்று எப்படிக் கேட்பது?

“சூரியகாந்திதான் போல” என்றான். “அடிச்சுடு.”

வெர்லின் அடித்தான். குப்பென்று டர்பன்டைன் வாசனை வந்தது. பெயின்ட் டப்பா ஏதாவது எந்திரத்தில் மாட்டிக்கொண்டதோ என்று ஆர்விட் சுற்றும் முற்றும் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. மத்தியானத்துக்குள் நிலம் மழமழவென்று ஆகிவிட்டது. வெட்டியதை வாரிக் கட்டி எடுத்துக்கொண்டும் போனார்கள்.

வியாழக்கிழமை காலைக் கறவையை வெர்லின் ஏற்றுக்கொண்டான். ஆர்விட் விடியுமுன்பே கிளம்பி, லவோனைக் கூட்டிக்கொண்டு வெயில் ஏறுமுன் திரும்பினான். வழியெல்லாம் சோளமும் சோயாவும். லவோன் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். “பூத்துருச்சா?” என்று கேட்டாள். “வந்து பாரேன்” என்றான் ஆர்விட். காலையில் கிளம்பும்போது டார்ச் அடித்துப் பார்த்திருந்தான், மொட்டு மஞ்சள் காட்டியிருந்தது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

வெர்லினும் ஆர்டிஸும் கொட்டகைப் பக்கம் காத்திருந்தார்கள். ஆர்விட் லவோனைக் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு வந்தான். கொட்டகை மூலை திரும்பியதும் லவோன் நின்றுவிட்டாள்.

அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. வெறுமனே பார்த்தாள். அவள் விரல்கள் மட்டும் ஆர்விட்டின் முழங்கையை இறுக்கின. களைப்பு என்று அவன் நினைத்துக்கொண்டான்.

“எப்படி இருக்கு?” என்றான் வெர்லின்.

“ரொம்ப சுத்தமா இருக்கு” என்றாள் லவோன். “எவ்வளவு வேலை செஞ்சிருக்கீங்க. வெர்லின், நன்றி. ஆர்டிஸ், நன்றி.”

“இதெல்லாம் ஒரு வேலையா?” என்றான் வெர்லின்.

“அது மட்டும் இல்ல, இங்க வா” என்று ஆர்விட் அவளைக் கூண்டிடம் இழுத்துக்கொண்டு போனான். உள்ளே பொடிப் பொடியாக, வெளிறிய மஞ்சளில், நாலைந்து பூக்கள் திறந்திருந்தன. “பாரு! நீ வர்றதுக்குன்னே பூத்திருக்கு!”

லவோன் குனிந்து பார்த்தாள். தக்காளிப் பாத்தியில் முளைக்க முளைக்க அவள் பிடுங்கிப் போடும் முள் கீரைக் களை அது. அது அவளுக்குப் பார்த்த உடனே தெரியும். ஆர்டிஸுக்குத் தெரியும். வெர்லினுக்குத் தெரியும். ஆர்டிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆமா” என்றாள் லவோன். “பூத்துருச்சு.”

அவர்கள் ட்ரக் சாலையில் ஏறிப் புழுதி அடங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். பிறகு, “ஆர்விட், இது வெறும் கீரைக் களை” என்றாள்.

“இல்ல, இல்ல. இலையப் பாரு. வடக்கும் தெற்குமா நிக்குது. சாலையோட வெச்சுப் பாத்தேன், அச்சா பொருந்துது!”

“இதுவும் அப்படித்தான் நிக்கும்.”

“அதெப்படி ரெண்டும் ஒரே மாதிரி நிக்கும்?” ஆர்விட்டுக்குக் கோபமே வந்துவிட்டது. “நீ அது ஒண்ணுதானே சொன்ன! அப்ப உன்னோடது எது?”

லவோன் வெட்டிய தரையில் நடந்தாள். ஒரு இடத்தில் நின்றாள். தடித்த ஒரு கட்டை, அதன் வெட்டு வாயில் பிசின் உறைந்து நின்றது. ஆர்விட் அந்த இடத்தைப் பார்த்தான். வெர்லின் டிராக்டரை நிறுத்திய இடம்.

“சூரியகாந்தி” என்றான். “வெர்லின் கேட்டான். என்னைத்தான் கேட்டான். நான்தான் அடிச்சுடுன்னு சொன்னேன்.”

“ஒன்பது வருஷம்!” என்று லவோன் கத்தினாள். தையல் போட்ட வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு கத்தினாள். “ஒன்பது வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் இங்க வந்து எங்கூட நின்னு பாத்திருந்தா என்ன? காட்டினேனே! விரல நீட்டிக் காட்டினேனே! நீ பாக்கவே இல்ல, அப்படித்தானே?”

“பாக்கல” என்றான் ஆர்விட். 

அவள் அழுதாள். அவன் பக்கத்தில் நின்றான். தொடலாமா, கூடாதா என்று தெரியவில்லை. கையை நீட்டினான், மடக்கிக்கொண்டான். எல்லாரும் நல்லதுதானே செய்தோம், எங்கே தப்பியது என்று மனசுக்குள் முதலிலிருந்து போட்டுப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அந்த அடுக்களை ஜன்னலில் வந்து நின்றது.

“வேர் செத்துருச்சா?” என்று கடைசியில் கேட்டான்.

“சாகாது. அவ்வளவு ஆழம். நெருப்பு வெச்சாலே சாகாது, வெட்டினா சாகுமா? அதுக்கு நெருப்பு நல்லதுதான். பழைய புல்லு எரிஞ்சாத்தான் அதுக்கு வெளிச்சம் கிடைக்கும்.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அடுத்த ஜூலையில மறுபடி வரும்.”

“அப்ப சரி!” என்றான் ஆர்விட். சொன்ன பிறகுதான் அடுத்த ஜூலை என்பது என்னவென்று அவனுக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “எனக்கு வேண்டாம். நீ இல்லாம எனக்கு எந்த எழவுப் பூவும் வேண்டாம்.”

“உட்கார்ந்தது உட்கார்ந்துட்ட, அப்படியே இலையைத் தேடு. அடியில ஒண்ணு ரெண்டு தப்பிச்சிருக்கும். தொட்டுப் பாத்து வெச்சுக்க. இல்லன்னா அடுத்த வருஷமும் எதையாவது கூண்டுல போட்டு ஊரே சிரிக்கும்.”

ஆர்விட் மண்டியிட்டுத் தடவினான். “இதுவா?”

“அது புல்லு, ஆர்விட்.”

“இதுவா?”

“அது உன் ஷூ லேஸ்.” அவளுக்குச் சிரிப்பு வந்தது, வயிறு வலித்தது, இன்னும் கொஞ்சம் அழுதாள். பிறகு மெல்ல அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்து அந்த இலையின் மேல் வைத்தாள். பாதி வெட்டுப்பட்ட, சொரசொரப்பான இலை. ஆர்விட் அதை முன்னும் பின்னும் தடவினான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை தடவினான். மாட்டுக் காம்பை அறிந்த விரல், ஒரு இலையை அறிய அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது.

“பூத்தா நான் என்ன பண்ணணும்?”

“பாக்கணும். வேறென்ன பண்ணுவ?”

“பாத்துட்டு?”

“பாத்துட்டு எனக்குச் சொல்லு.”

ஆர்விட் அவளைப் பார்த்தான். கேலியாக இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

“எங்க வந்து சொல்றது, லவோன்?”

லவோன் அவன் கையை மறுபடி இலையின் மேல் வைத்தாள்.

“அது எனக்கும் தெரியல” என்றாள்.